அப்பாவின் வரி பாக்கி

அப்பா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டி வீட்டு முன்னறையில் உறுமிக்கொண்டிருக்க, நானும் தம்பியும் கோயில் ஆபீசில் ஒரு நீள பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய இருபத்திரண்டு வருஷத்து வரி பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டிக்கொண்டிருந்தது கணக்கப்பிள்ளை. கால்குலேட்டர் இருந்தும் அதைத் தொடாமல், பென்சிலால் ஓரத்தில் புள்ளி வைத்து வைத்துக் கூட்டினார்.

கோயில் என்றால் மாதா கோயில். எங்கள் பக்கத்தில் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, ஆலயம் என்று திருவிழா போஸ்டரில் மட்டும் போடுவார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தேரிக்காட்டுச் செம்மண் முடிந்து கடல் தொடங்குகிற வரிசையில் இருக்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுத இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, ஏனென்றால் போன தடவை எழுத உட்கார்ந்தபோது வெறும் கோபமாகவே வந்தது, கோபம் பாதிதான் உண்மை என்று எனக்கே தெரிந்ததால் அழித்துவிட்டேன்.

வரி என்றால் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. விதவைக்கு அரை வரி. கல்யாணமான மகள் கணக்கிலேயே கிடையாது, அவள் புருஷன் ஊர்க் கோயிலில் எழுதப்பட்டிருப்பாள். இந்தப் பணத்தில்தான் கொடியேற்றம், சப்பரம், வாணவேடிக்கை, அசனச் சாப்பாடு, கோயில்பிள்ளைக்குச் சம்பளம், சுவருக்குச் சுண்ணாம்பு எல்லாம். அப்பா நிறுத்திய காலத்தில் வருஷத்துக்கு 150 ரூபாய். அப்புறம் 300, அப்புறம் 600, கொரோனாவுக்குப் பிறகு 1,000. இது போக திருவிழா வரி தனி, புதுக் கோயில் கட்டியபோது தலைக்கட்டுக்கு 10,000 தனி. கணக்கப்பிள்ளை கடைசியில் கோடு போட்டு எழுதிய தொகை 41,400. இதைத் தீர்க்காமல் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் குழி கிடையாது.

அவர் ஏன் நிறுத்தினார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு திருவிழா முடிந்து நடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, மைக்செட்டுக்கும் லைட்டுக்கும் கொடுத்த பணத்துக்கு ரசீது எங்கே என்று கேட்டார். உட்காரும் என்றார்கள். உட்காராமல் வெளியே நடந்து வந்துவிட்டார், அதோடு சரி. அதற்குப் பிறகு வரியும் கட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகவில்லை. ஆனால் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் செபமாலை சொல்வது மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் நாற்பது நாளும் கறி மீன் இரண்டும் தொடமாட்டார். கடற்கரை ஊரில் மீன் தொடாமல் இருப்பது என்ன விஷயம் என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். அவர் சொன்ன செபங்கள்கூட பழைய மந்திரங்கள்தான், ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று அவர் அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே. புதுத் தமிழில் மாற்றியதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

என் கதை நேர் எதிர். எனக்குக் கல்லூரி முதல் வருஷத்திலேயே நம்பிக்கை கழன்றுவிட்டது, பெரிய நாடகம் ஒன்றும் இல்லாமல், பல் விழுகிற மாதிரி. ஆனால் என் காகிதங்கள் எல்லாம் சுத்தம். திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல், மூன்று ஞாயிறு ஓலை வாசித்துக் கோயிலில் கல்யாணம், என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம், எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் வரிசை எண் உண்டு. நம்பியவர் பாக்கிக்காரர், நம்பாதவளுக்கு நிலுவை எதுவும் இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மதத்தின் பிடி தளர்ந்துவிட்டதா இறுகிவிட்டதா என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. எந்த இடத்தில் தளர்ந்தது, எந்த இடத்தில் அப்படியே இருக்கிறது என்று பார்த்தால்தான் ஏதாவது புரிகிறது. படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 ஜூலையில் பாப்பரசர் ஆறாம் பவுல் சுற்றுமடல் எழுதி, செயற்கைக் கருத்தடை கூடவே கூடாது என்று உலகம் முழுக்கச் சொல்லிவிட்டார், இன்றுவரை அதுதான் சட்டம். எங்கள் அம்மா தம்பி பிறந்த நாலாம் நாள் அரசு ஆஸ்பத்திரியிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு, தையல் பிரித்த மறு ஞாயிறு கோயிலுக்குப் போய் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்கினாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் சாமியார்ட்ட சொல்லுத விஷயமா?" என்றாள். தெருவில் அத்தனை பெண்களும் அப்படித்தான். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, நாடு முழுக்க உள்ள கிறிஸ்தவப் பெண்களை மட்டும் எடுத்தாலும் இரண்டுக்குக் கீழேதான். ரோமாபுரி சொன்னதை யாரும் மறுத்துப் பேசவில்லை, கூட்டம் போடவில்லை, கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

சாதிக்கும் அதே கதி. கோயிலில் சாதி கூடாது என்று எத்தனை மறையுரை கேட்டிருப்பேன். இந்திய ஆயர் பேரவையே, அதாவது நாட்டுப் பிஷப்புகள் சேர்ந்த அமைப்பே, 2016 டிசம்பரில் தலித் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளையும் மற்றவர்களின் குழிகளையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதை எதிர்த்து எத்தனை வருஷப் போராட்டம். அவ்வளவு சுலபமாக அசையாத சுவர். எங்கள் ஊரில் அப்படிச் சுவர் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் இருப்பது ஒரே சாதி, சுவர் எதற்கு?

ஆக உடம்பிலும் சாதியிலும் செல்லாத அதிகாரம் இரண்டே இடத்தில் மட்டும் முழுசாகச் செல்லுகிறது, காகிதத்திலும் மண்ணிலும். பதிவேடும் கல்லறையும். அன்றைக்கு ராத்திரி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

பணம் பிரச்சினையே இல்லை என்று நினைத்துத்தான் நான் போயிருந்தேன். போனை எடுத்து, எந்த நம்பருக்கு ஜிபே பண்ணவேண்டும் என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துக் கேட்டார், "தலைக்கட்டு இனி யார் பேர்ல?"

கமிட்டிக்காரர்கள் நாலு பேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில். ஒருவரும் கெட்டவர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஒருவர் எனக்கு ஒன்றுவிட்ட மாமா. சிக்கல் என்னவென்றால் தம்பியின் கல்யாணம் அவர்கள் நோட்டில் இல்லை. அவன் கட்டிக்கொண்டது இந்துப் பெண்ணை, கோயம்புத்தூரில், 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில். கலப்புத் திருமணத்துக்குக் கோயிலிலேயே விதிவிலக்கு வாங்கலாம், ஆயர் இல்லத்துக்கு மனு போட்டால் கொடுப்பார்கள், நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு, பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று கையெழுத்துப் போடவேண்டும், அதற்கு அவன் சம்மதிக்கவில்லை. அதனால் கோயில் கணக்கில் அவன் இன்னும் கல்யாணமாகாத பையன், முப்பத்தாறு வயதில், ஆறு வயது மகளோடு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஓலை வாசிப்பதைக் கேலி செய்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவேண்டும் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பது. இதைக் கொண்டுவந்தது 1215ல் ஆயர்கள் கூடிய நாலாம் லாத்தரன் சங்கம். 1563ல் திரிதெந்து சங்கம் இன்னும் இறுக்கி, குருவும் சாட்சிகளும் இல்லாமல் செய்கிற கல்யாணம் செல்லாது, ஒவ்வொரு குருவும் கல்யாணப் பதிவேடு வைத்திருக்கவேண்டும் என்று போட்டது. காரணம் அப்போது நியாயமானது. ஒரு பெண்ணிடம் தனியாக வாக்குக் கொடுத்து மனைவியாக்கிக்கொண்டு, அப்புறம் நான் கட்டவே இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொருத்தியைக் கோயிலில் கட்டுகிறவர்கள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள், பெண்ணிடம் சாட்சி கிடையாது. பதிவேடு வந்தது அந்த ஓட்டையை அடைக்கத்தான். சர்க்கார் என்ற ஒன்று ஊருக்குள் எட்டிப் பார்க்காத காலத்தில், யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்பதை எழுதி வைத்திருந்த ஒரே இடம் கோயில். இன்றைக்குப் பிறப்பு, இறப்பைப் பதிய 1969ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ல் வந்த சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் அரசாங்கத்தில் பதியவேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் கட்டினால் 30 நாள் நோட்டீஸ் ஒட்டி ஆட்சேபணை கேட்கிறார்கள், அது என்ன, வேறு பெயரில் ஓலைதானே? தம்பியின் கல்யாணத்துக்கும் ஓலை வாசித்தார்கள், சார்பதிவாளர் ஆபீஸ் சுவரில். அதை நான் கமிட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுவிட்ட மாமா மட்டும் லேசாகச் சிரித்தார்.

சாமியார் ஆபீஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தார். சின்ன வயசு, வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லக்கா, காலையில அடக்கப் பூசை வைக்க நான் ரெடி. ஆனா கல்லறை கமிட்டி பொறுப்பு, நீங்க அவங்கட்ட பேசிக்கிடுங்க" என்றார். அவரைக் கோழை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஐந்தாறு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர் அவர். கமிட்டிக்காரர்களின் தாத்தாக்கள் அந்த மண்ணுக்குள் கிடக்கிறார்கள். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அங்கியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

அப்புறம் ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் திருச்சபைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1983ல் வந்த தொகுப்பில் 1184ஆம் விதி யாருக்கெல்லாம் கோயில் அடக்கம் கிடையாது என்று சொல்கிறது. வெளிப்படையாக விசுவாசத்தை மறுதலித்தவர்கள், விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகவே உடலை எரிக்கச் சொன்னவர்கள், ஊரறிந்த பாவிகள், இவர்கள்கூட சாவுக்கு முன்னால் மனம் வருந்தியதற்கு ஏதாவது அடையாளம் காட்டியிருந்தால் போதும். வரி பாக்கி என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்கு மூன்று விதி முன்னால், 1181ல், ஏழைகளுக்கு முறையான அடக்கம் இல்லாமல் போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்றுகூட இருக்கிறது. 1917ஆம் வருஷத்துத் தொகுப்பில் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கம் மறுக்கிற விதி இருந்தது, 1983ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆச்சி சொல்வாள், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாண்டுகொண்டு செத்தவர்களை வேலிக்கு வெளியே கள்ளிப்புதர் ஓரம்தான் புதைப்பார்களாம். மலையாளத்தில் அதற்கு தெம்மாடிக்குழி என்று பெயரே உண்டு. அப்படியென்றால் ரோமாபுரி எங்கள் கமிட்டியைவிட எவ்வளவோ இளகிவிட்டது. எங்கள் கமிட்டி பின்பற்றியது ரோமாபுரியை இல்லை, ஊரை.

இதை ஆபீஸில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருத்தி தேனிப் பக்கம், அவர்கள் ஊர் அம்மன் கோயிலிலும் தலைக்கட்டு வரிதான், கட்டாத குடும்பத்தின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர் வராது. இன்னொருவர் சொன்னது பள்ளிவாசல் ஜமாஅத்தைப் பற்றி, நிக்காஹ் தப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு, வரவேண்டுமென்றால் சந்தா பாக்கி இருக்கக்கூடாது. மூன்று சாமிக்கும் ஒரே கணக்கு நோட்டு.

தம்பி ஒரு கட்டத்தில் எழுந்துவிட்டான். "எரிச்சிருவோம்க்கா, முனிசிபாலிட்டி தகனமேடை இருக்கு, இவங்க யாரும் வேண்டாம்" என்றான். செய்திருக்கலாம், உடலை எரிக்க 1963லேயே ரோமாபுரி அனுமதி கொடுத்துவிட்டது. நானும் பாதி எழுந்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டோம். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் பெண்கள் செபமாலை சொல்கிற சத்தம் கேட்டது.

"அவுக சண்ட கமிட்டியோட. கல்லறத் தோட்டத்தோட அவுகளுக்கு என்னல சண்ட?" என்று தம்பியைக் கேட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மணி இன்னும் அடிக்கலயே" என்றாள்.

துக்க மணி. ஊரில் யார் இறந்தாலும் கோயில் மணியை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிப்பார்கள். வலை முடைகிறவர் கையை நிறுத்திவிட்டு எண்ணுவார், அடுப்படியில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து யார் என்று கேட்பார்கள். அப்பா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியும் மணி அடிக்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் ஊருக்கே செய்தி போய், துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் எனக்குப் போன் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை மணி அடித்தால்தான் அவர் இறந்ததாக அர்த்தம். அதைக் கேட்டபிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம்.

எங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்பதும் தெரியும். கேரளத்தில் ஓர்த்தடோக்ஸ், யாக்கோபாய சபைகளின் சண்டையில் 2017ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு கோயில்கள் கைமாறின, கூடவே கல்லறைகளும். 2019ல் காயங்குளம் பக்கத்தில் ஒரு மூதாட்டியின் உடல் ஒரு மாதத்துக்கும் மேல் வீட்டிலேயே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, குடும்பக் கல்லறைக்கு எடுத்துப்போக வழி இல்லாமல். கடைசியில் கேரள அரசு 2020ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது, எந்தச் சபைக்காரர் ஆனாலும் முன்னோர் கிடக்கிற கல்லறையில் அடக்கம் செய்ய உரிமை உண்டு, குருவை வைத்துச் சடங்கை வேறு இடத்தில் செய்துகொள்ளலாம் என்று. இங்கிலாந்தில் 1880லேயே கிட்டத்தட்ட இதையே சட்டமாக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் சத்தீஸ்கரில், பஸ்தர் மாவட்டத்தில், ஒரு கிறிஸ்தவப் போதகர் 2025 ஜனவரி 7ஆம் தேதி இறந்தார். ஊர்க்காரர்கள் ஊருக்குள் புதைக்கக்கூடாது என்றார்கள். மகன் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், இருபது நாள் உடல் பிணவறையில். ஜனவரி 27ல் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு கருத்துச் சொல்லி, முடிவில் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற கிறிஸ்தவக் கல்லறையில் புதைக்கச் சொன்னார்கள். அங்கே தடுத்தது கோயில் கமிட்டி இல்லை, கோயிலுக்கு எதிரான ஊர். மகன் கேட்டதும் எங்கள் அம்மா கேட்டதுதான், பெரியவர்கள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

பட்டணத்துக்காரர்களுக்கு இது இல்லை என்று நினைக்கவேண்டாம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலோடு போனவர்களைக் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது நினைவிருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக வேறு இடத்தில் புதைத்துவிட்டார்கள். அவர் மனைவி, கணவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றித் தரச்சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். அதே கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் கோயில்கள் மூடிக் கிடந்தபோது பூசையை யூடியூபில் பார்த்தோம், சப்பாத்தி போட்டுக்கொண்டே பார்த்தோம், ஒன்றும் குறைந்துபோகவில்லை. மண்ணை மட்டும் யூடியூபில் வாங்க முடியவில்லை.

சரி, பதினொன்றே முக்காலுக்கு ஜிபே செய்தேன். 41,400. கணக்கப்பிள்ளைக்கு மெசேஜ் வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனைத் தூரமாகப் பிடித்து எண்ணிப் பார்த்தார். தலைக்கட்டை அம்மா பெயரில், அரை வரியில் எழுதிக்கொள்வதாக ஒன்றுவிட்ட மாமா ஒரு வழி சொல்லி முடித்துவைத்தார். ரசீது அப்பா பெயரில். ‘பாக்கி இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, கோயில் முத்திரை. உயிரோடு இருந்தபோது ரசீது கேட்டுச் சண்டை போட்டவருக்குச் செத்த அன்றைக்கு ரசீது கிடைத்தது. தம்பி அதைப் படித்துவிட்டுச் சிரித்தான், அப்புறம் அந்த பெஞ்சிலேயே அழுதான்.

"இப்ப அடிச்சா ஊரு பயந்துரும், காலைல பூசைக்கு முன்ன அடிச்சிருவோம்" என்றார் கணக்கப்பிள்ளை. அம்மா தூங்கவில்லை. ஐந்து மணிக்கு மணி அடித்தபோது ஃப்ரீசர் பெட்டியை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணச் சொன்னாள், சத்தம் சரியாகக் கேட்கவில்லையாம்.

இதுவரை எழுதியது நான் போன தடவை எழுதி அழித்தது. மீதியையும் எழுதவேண்டும்.

விடிவதற்குள் வீட்டு முன்னால் பந்தல் நின்றது, யார் சொல்லி யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. நூறு நாற்காலி கோயிலிலிருந்து வந்தது, வாடகை வாங்கவில்லை. அன்பியத்துப் பெண்கள், கோயிலில் தெருவாரியாகப் பிரித்த குழுக்காரர்கள், பெரிய பானையில் கட்டங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள், மத்தியானம் வந்தவர்கள் எல்லோருக்கும் பக்கத்து வீட்டில் சமையல். குழி வெட்டியது நாலு பையன்கள், கூலி கொடுக்கப் போனபோது ஒருத்தன் கோபித்துக்கொண்டான். பல வருஷத்துக்கு முன்னால் அப்பாவை உட்காரும் என்று சொன்னவர், இப்போது எழுபத்தைந்து தாண்டியவர், கல்லறைவரை தூக்குகிறவர்களில் ஒருவராக நடந்தார், தோள் மாற்ற இளவட்டங்கள் வந்தும் விடவில்லை. சாமியார் பிரசங்கத்தில் அப்பாவை ஆழ்ந்த விசுவாசி என்றார். அவர் அப்பாவைப் பார்த்ததே கிடையாது, இருந்தாலும் சொன்னது உண்மை. தம்பி மனைவி, நோட்டில் இல்லாதவள், முதல் பிடி மண் போட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண்கள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிப் பெரியவர் இறந்தார். எந்தக் கமிட்டியும் இல்லை, எந்த வரியும் இல்லை, பராமரிப்புக் கட்டணம் மட்டும்தான், அது பாக்கி இல்லை. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. செக்யூரிட்டியும் நானும் என் வீட்டுக்காரரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் படி வழியாக இறக்கினோம். மகன் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளில் கதவு திறந்து, சாத்திக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி அந்தக் கமிட்டிக்காரர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தேடிப் பார்த்தேன். போகவில்லை, இருந்தது. பக்கத்திலேயே அந்தக் கட்டங்காப்பியும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை.

நான் சாகும்போது எங்கே என்று வீட்டில் பேச்சு வந்தது. எனக்கு எரித்தால் போதும், கண்ணையும் மற்றதையும் எடுத்துக்கொண்டு எரித்துவிடுங்கள் என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். மகள் மட்டும், "அப்ப தாத்தா பக்கத்துல யாரு?" என்றாள். தாத்தா பக்கத்தில் அம்மாச்சி என்றேன். அதற்கும் அடுத்த இடத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். மகளுக்கு அங்கே இடம் கிடையாது, அவள் புருஷன் ஊரில்.

ஊர்க் கோயிலுக்கு இப்போது வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. ஜனவரி பிறந்ததும் கணக்கப்பிள்ளை கியூஆர் கோட் போட்டுவிடுகிறார், கீழே மாதா படம், அதற்கும் கீழே ‘பாக்கி வைக்காதீர்’. இந்த வருஷம் முதல் வாரத்திலேயே அம்மாவின் அரை வரியைக் கட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தம்பிக்கும் சேத்துக் கெட்டுனியா?"

"அவன் பேர்தான் நோட்டுல இல்லையேம்மா."

"இல்லன்னா என்ன. கெட்டி வையி. கணக்கப்பிள்ள எழுதாட்டா அவரு பாடு."

500 ரூபாயை அம்மா கணக்கிலேயே கூடுதலாகப் போட்டிருக்கிறேன். கணக்கப்பிள்ளை ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார். யார் பெயரில் எழுதிக்கொண்டார் என்று கேட்கவில்லை.